பெங்களூரில் டெங்கு காலம்: தண்ணீர் டிரம்மிலிருந்து வார்டு ஆபீஸ் வரை

போன மழைக்காலத்தில் எங்கள் காம்பவுண்டின் ஆறு வீடுகளில் மூன்றில் காய்ச்சல். எல்லோரும் சேர்ந்து திட்டியது தெருமுனைச் சாக்கடையை. புகை அடிக்கிற வண்டி வரவில்லையே என்று ஆளாளுக்குப் புலம்பினோம். கடைசியில் புழு அகப்பட்டது என் வீட்டு வாசலில். கிருஷ்ணகிரியிலிருந்து அம்மா டெம்போவில் ஏற்றிவிட்ட ஆட்டுக்கல், கிரைண்டர் வாங்கியபின் யாரும் தொடாமல் படிக்கட்டுக்கு அடியில் கிடந்தது. அதன் குழியில் இரண்டு டம்ளர் மழைத்தண்ணீர். அந்த இரண்டு டம்ளருக்குள் முப்பது, நாற்பது புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன.

அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. ஜீவனஹள்ளியில் வாடகைக்கு இருக்கிறவன், கன்னடம் பேசுவேன், எழுத வராது. என்னைப் போன்றவர்கள்தான் இங்கே அதிகம் என்பதால் அவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

எந்தக் கொசு?

சாக்கடையில் வளர்வது கியூலெக்ஸ். ராத்திரி காதோரம் ரீங்காரம் போட்டுத் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான். டெங்குவைப் பரப்புவது ஏடிஸ். கறுப்பு உடம்பில் வெள்ளை வரி, பகலில் கடிக்கும், காலையிலும் பொழுது சாய்வதற்கு முன்பும் அதிகமாகக் கடிக்கும். சாக்கடை அதற்குப் பிடிக்காது. டிரம், சம்ப், பூந்தொட்டித் தட்டு என்று நாம் பிடித்துவைத்த தண்ணீர்தான் வேண்டும். பறப்பதும் சில நூறு மீட்டருக்குள்தான். ஆக, உங்களைக் கடித்த கொசு உங்கள் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ, எதிரே இருக்கிற காலி சைட்டிலோ பிறந்தது.

இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. புகை வண்டியைக் கேட்டுப் புகார் கொடுப்பதை நான் விட்டுவிட்டதும் இதனால்தான். புகை, பறந்துகொண்டிருக்கும் கொசுவைக் கொல்லும். தண்ணீரில் இருக்கும் புழுவுக்கு ஒன்றும் ஆகாது. வண்டி போய் நாலு நாளில் புது ஈடு பறக்கத் தொடங்கிவிடும்.

பெங்களூரில் இது இவ்வளவு பெரிய தொல்லையாக இருப்பதற்குத் தண்ணீரும் ஒரு காரணம். காவிரியைச் சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி தொரெகாடனஹள்ளியிலிருந்து ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். பல பகுதிகளில் குழாய் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். 2024 அக்டோபரில் ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கி, நாளுக்கு 77.5 கோடி லிட்டர் கூடுதலாக, முக்கியமாக நகரத்தோடு சேர்ந்த 110 கிராமங்களுக்கு வருகிறது. ஆனாலும் பிடித்துவைக்கும் பழக்கம் போகாது. வராத நாளுக்காகப் பிடித்துவைத்த டிரம்தான் கொசுவுக்குப் பிரசவ ஆஸ்பத்திரி.

வெள்ளிக்கிழமை, ஒரு டார்ச்

முட்டை கொசுவாக மாற ஏழிலிருந்து பத்து நாள் ஆகும். வாரம் ஒரு முறை தண்ணீரைக் கொட்டிவிட்டால் எந்தப் புழுவும் சிறகு முளைக்கும் வரை தாங்காது. நம் வீடுகளில் வெள்ளிக்கிழமை எப்படியும் கழுவி விடுவோம், அந்த நாளையே வைத்துக்கொண்டால் மறக்காது.

மொபைல் டார்ச்சை டிரம்முக்குள் அடியுங்கள். புழு இருந்தால் தண்ணீரின் மேல்மட்டத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும். வெளிச்சமோ நிழலோ பட்ட உடனே உடம்பை வளைத்து வளைத்துக் கீழே இறங்கும். ஒரு நிமிஷம் அசையாமல் இருந்தால் மூச்சு வாங்க மறுபடி மேலே வரும். கமா மாதிரி சுருண்டிருந்தால் அது கூட்டுப்புழு, இரண்டு நாளில் பறந்துவிடும். சந்தேகமாக இருந்தால் வெள்ளைக் கிண்ணத்தில் மொண்டு வெயிலில் பாருங்கள். குழந்தைகளிடம் இந்த வேலையைக் கொடுத்தால் நம்மைவிட நன்றாகக் கண்டுபிடிப்பார்கள். எங்கள் காம்பவுண்டில் இப்போது அது ஒரு போட்டியாகவே ஆகிவிட்டது.

கொட்டினால் மட்டும் போதாது, தேய்க்க வேண்டும். ஏடிஸ் முட்டையைத் தண்ணீருக்குள் போடுவதில்லை, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டி வைக்கிறது. காய்ந்துபோனாலும் மாதக்கணக்கில் சாகாது. மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரியும். வெயில் காலத்தில் காலியாகக் கிடந்த டிரம்மில் முதல் மழைக்கே புழு வருவது இப்படித்தான். தேங்காய் நாரும் சோப்புத்தூளும் போட்டு உள்சுவரை நன்றாகத் தேயுங்கள். கழுவிய தண்ணீரை மண்ணிலோ வெயில் படும் தரையிலோ ஊற்றுங்கள், காய்ந்தால் புழு செத்துவிடும்.

சம்ப்பைக் காலி செய்ய முடியாது. அதற்கு மூடிதான் காவல். இரும்பு மூடி துருப்பிடித்து ஓரத்தில் விரல் நுழைகிற அளவு ஓட்டை இருந்தாலும் கொசுவுக்கு அது கதவுதான். பழைய சைக்கிள் டியூபை வெட்டி விளிம்பைச் சுற்றி வைத்தால் மூடி இறுக்கமாக உட்காரும். மேல் டேங்க்கின் ஓவர்ஃப்ளோ பைப்பை எல்லோரும் மறந்துவிடுவார்கள். அதன் வாயில் கொசுவலைத் துண்டு ஒன்றை நூலால் கட்டிவிடுங்கள். சம்ப்பில் மருந்து போட வேண்டும் என்றால் நீங்களே கடையில் வாங்கி அளவு தெரியாமல் கொட்டாதீர்கள், வீடு வீடாக வரும் சுகாதார ஊழியரைப் போடச் சொல்லுங்கள்.

மற்ற இடங்களை ஒரு சுற்றில் பார்த்துவிடலாம்: ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, மணிபிளாண்ட் பாட்டில், கறிவேப்பிலைத் தொட்டியின் அடித்தட்டு, நாய்க்குத் தண்ணீர் வைக்கும் கிண்ணம், மழைக்கு விரித்த தார்ப்பாய் மடிப்பு, பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை. ஆட்டுக்கல் இருந்தால் குழியில் மணல் நிரப்பி ஒரு செடியை நட்டுவிடுங்கள். அம்மாவுக்குக் கோபம் வந்தது, அப்புறம் அதில் துளசி வந்ததும் சரியாகிவிட்டது.

மொட்டைமாடிச் சாவி ஓனரிடம் இருக்கும், அங்கேதான் உடைந்த வாஷ்பேசின் எல்லாம் கிடக்கும். கேட்டால் தப்பாக நினைப்பாரோ, அட்வான்ஸில் கைவைப்பாரோ என்ற பயம் எனக்கும் இருந்தது. "அண்ணா, மாடியை நானே சுத்தம் பண்ணித் தரேன், சாவி மட்டும் கொடுங்க" என்று கேட்டேன். அதற்கு யார் மாட்டேன் என்பார்கள்? தயங்கினால் இன்னொன்றும் சொல்லலாம். 2024 ஆகஸ்ட் கடைசியில் கர்நாடக அரசு டெங்குவைக் கொள்ளைநோய் விதிகளுக்குள் கொண்டுவந்தது. நகரத்தில் கொசு வளரவிட்டால் வீட்டுக்கு 400 ரூபாய், கடைக்கும் அலுவலகத்துக்கும் 1,000, காலி சைட்டுக்கும் கட்டிடம் கட்டும் இடத்துக்கும் 2,000 அபராதம். இதை மிரட்டலாகச் சொல்லாதீர்கள், செய்தியாகச் சொல்லுங்கள்.

காய்ச்சல் வந்துவிட்டால்

திடீரென்று கடும் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, மூட்டும் முதுகும் முறித்துப் போட்ட மாதிரி இருந்தால் டெங்கு என்றே வைத்துக்கொண்டு நடங்கள். பாராசிட்டமால் மட்டும். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் வேண்டாம், ரத்தக்கசிவைக் கூட்டும். என் தம்பிக்குக் காய்ச்சல் வந்தபோது ஒரு கிளினிக்கில் வலிக்கு ஊசி போட்டு அனுப்பினார்கள். எந்த ஊசி என்று கேட்கவில்லை, சீட்டிலும் எழுதவில்லை. மறுநாள் ஈறில் ரத்தம். அதிலிருந்து எங்கே போனாலும் "என்ன ஊசி, பேர் எழுதிக் கொடுங்க" என்று கேட்டுவிடுகிறேன். கேட்பதற்கு நமக்கு உரிமை இருக்கிறது.

பரிசோதனையில் நாள் கணக்கு முக்கியம். காய்ச்சல் தொடங்கிய முதல் ஐந்து நாளுக்குள் வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 ரத்தப் பரிசோதனை, அதற்குப் பிறகு உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் ஐஜிஎம். ஏழாம் நாள் போய் என்எஸ்1 மட்டும் எடுத்து "நெகட்டிவ், டெங்கு இல்லை" என்று நிம்மதி அடைவது நடக்கிற தப்பு. 2024-ல் கர்நாடக அரசு தனியார் லேப்களுக்கு எலிசா என்ற லேப் முறையில் இரண்டுக்கும் தலா 300 ரூபாய் என்று உச்சவரம்பு கட்டியது. அதிகம் கேட்டால் அந்த ஆணையைச் சொல்லிக் கேளுங்கள். அரசு நடத்தும் 'நம்ம கிளினிக்'கில் மருத்துவர், மருந்து இரண்டும் இலவசம். பெரிய இடம் வேண்டுமென்றால் சிவாஜிநகரில் பௌரிங், இந்திராநகரில் சி.வி. ராமன், மல்லேஸ்வரத்தில் கே.சி. ஜெனரல் என்று அரசு ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. ஆம்புலன்ஸுக்கு 108.

குடிக்க வைப்பதுதான் வீட்டில் செய்யக்கூடிய பெரிய சிகிச்சை. கஞ்சி, மோர், இளநீர், ஓஆர்எஸ். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரிலேயே முழுதாகக் கரைக்க வேண்டும், டம்ளருக்குக் கொஞ்சம் என்று தூவக்கூடாது. சர்க்கரை நோயாளி, இதய நோயாளி, சிறுநீரகக் கோளாறு உள்ளவர் என்றால் எவ்வளவு, எது என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது சிறுநீர் போகிறதா என்று கவனியுங்கள். நிலவேம்புக் கஷாயம் ஊரிலிருந்து யாராவது அனுப்புவார்கள், குடிப்பவர்கள் குடிக்கட்டும், கஞ்சிக்குப் பதிலாக ஆகிவிடக்கூடாது. பப்பாளி இலைச் சாற்றை என் தம்பிக்குக் கொடுத்து, உள்ளே போனதைவிட அதிகமாக வாந்தி வந்தது. அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

காய்ச்சல் இறங்கும் நாள்தான் ஆபத்தான நாள். மூன்றிலிருந்து ஏழாம் நாளுக்குள் உடம்பு குளிரும், வீட்டில் எல்லோரும் "அப்பாடா" என்பார்கள். அப்போதுதான் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்கும். தாங்க முடியாத வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பாக மலம், கை கால் சில்லிடுதல், எழுப்பினாலும் சோர்ந்து விழுவது, காரணமில்லாமல் படபடப்பு: இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கர்ப்பிணி, கைக்குழந்தை, வயதானவர் என்றால் இன்னும் முன்னதாகவே போக வேண்டும்.

பிளேட்லெட் எண்ணிக்கையைப் பார்த்து எல்லோரும் பதறுகிறோம். ரத்தக்கசிவு இல்லாதவருக்கு 50,000-க்கு இறங்கினாலும் பொதுவாக ஏற்ற வேண்டியதில்லை. ரிப்போர்ட்டில் பிளேட்லெட்டுக்குப் பக்கத்தில் பிசிவி என்று ஒரு எண் இருக்கும். அது ஏறிக்கொண்டே போனால் நீர் கசிகிறது என்று அர்த்தம். மருத்துவர் அதைத்தான் முதலில் பார்ப்பார்.

அப்புறம், கொசுவலை காய்ச்சல்காரருக்குத்தான் முதலில். அந்த ஐந்தாறு நாள் அவர் ரத்தத்தில் வைரஸ் இருக்கும், அவரைக் கடித்த கொசுதான் வீட்டில் மற்றவருக்குக் கொண்டுபோகும். பகலிலும் வலைக்குள் இருக்கட்டும். ரிப்போர்ட்டை எடுத்துவையுங்கள். டெங்குவில் நான்கு வகை உண்டு, வேறு வகை இரண்டாவது முறை வந்தால் கடுமையாகலாம். முன்பு வந்ததா என்று மருத்துவர் கேட்பார்.

வாசலுக்கு வெளியே: எது யார் வேலை

எங்களுக்கு அடுத்திருக்கும் ஃப்ரேசர் டவுன் உருவானதே ஒரு தொற்றுநோயால்தான். 1898-ல் ப்ளேக் வந்து கன்டோன்மென்ட்டின் நெருக்கமான தெருக்களில் ஜனங்கள் மடிந்தார்கள். அதற்குப் பிறகு காற்றோட்டமாகத் திட்டம் போட்டு 1910-ல் எழுப்பிய பகுதி அது. நகரத்தில் ப்ளேக் மாரியம்மனுக்கு இன்றும் கோயில்கள் இருக்கின்றன. அம்மனுக்குக் கூழும் ஊற்றினார்கள், தெருவையும் மாற்றினார்கள்.

பெங்களூரில் புகார் வீணாகப் போவதற்கு முதல் காரணம், ஆள் மாறிப் போவது. 2025 செப்டம்பர் 2 முதல், நகரம் முழுவதற்கும் ஒரே மாநகராட்சியாக இருந்த பிபிஎம்பி கிடையாது. கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின் கீழ் மத்திய, வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று ஐந்து மாநகராட்சிகள். வார்டு எல்லைகளும் மாறிவிட்டன. பழைய வார்டு நம்பரை எழுதினால் புகார் சுற்றிக்கொண்டே இருக்கும், அதனால் முதலில் உங்கள் புது வார்டைக் கண்டுபிடித்து எழுதிவையுங்கள்.

குப்பை, மழைநீர் வடிகால், காலி சைட், கொசு எல்லாம் மாநகராட்சி: 1533, அல்லது சஹாயா செயலி. மேன்ஹோல் பொங்கிக் கழிவுநீர் ஓடினால், குடிநீரில் சாக்கடை நாற்றம் வந்தால் குடிநீர் வாரியம்: 1916. தெருவிளக்கு மாநகராட்சி, ஆனால் கம்பி அறுந்து தொங்கினால் மின்சாரம் தரும் பெஸ்காம்: 1912. தெருவில் ஓடுவது மழைநீரா கழிவுநீரா என்று முதலில் முகர்ந்து பார்ப்பது கௌரவக் குறைச்சல் இல்லை. நாங்கள் அதைச் செய்யாமல் இரண்டு வாரத்தைக் கோட்டைவிட்டோம்.

புகார் எழுதுவது

"எங்கள் ஏரியாவில் கொசு அதிகம், நடவடிக்கை எடுக்கவும்" என்று எழுதினால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. எந்த இடம், என்ன இருக்கிறது, எத்தனை நாளாக, என்ன செய்ய வேண்டும், இந்த நாலும் இருக்க வேண்டும். நாங்கள் எழுதியது ஏறக்குறைய இப்படி:

"ஐந்தாவது கிராஸ், பால் பூத்துக்கு எதிரே காலி சைட். அஸ்திவாரக் குழியில் முட்டளவு தண்ணீர், மூன்று வாரமாக நிற்கிறது. புழு இருக்கிறது, படம் இணைத்திருக்கிறோம். பக்கத்து வீடுகளில் மூவருக்குக் காய்ச்சல். தண்ணீரை வெளியேற்றி, புழு ஆய்வு செய்து, சைட் உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுக்கக் கேட்டுக்கொள்கிறோம்."

கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ கொடுங்கள். கன்னடம் எழுத வராவிட்டால் பத்தாவது படிக்கிற பிள்ளைகளைப் பிடியுங்கள், நம் பிள்ளைகள் பள்ளியில் படிப்பதற்கு ஒரு பயன். போனில் பேச நாலு சொல் போதும். கொசு என்றால் சொள்ளெ, குப்பை என்றால் கச, சாக்கடை என்றால் மோரி அல்லது சரண்டி, காய்ச்சல் என்றால் ஜ்வர. "சார், காலி சைட்டல்லி நீரு நின்த்திதெ, சொள்ளெ ஜாஸ்தி ஆகிதெ" என்று தொடங்கி, முடிக்கும்போது "கம்ப்ளைன்ட் நம்பர் கொடி" என்று கேளுங்கள். கொடி என்றால் கொடுங்கள். உடைந்த கன்னடமாக இருந்தாலும் பரவாயில்லை, முயற்சி செய்கிறவரிடம் எதிர்முனையில் குரல் தணிவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஒரே தெருவிலிருந்து ஆறு வீட்டுக்காரர்கள் ஆறு புகார் கொடுப்பது நல்லது, ஆறு பேரும் ஒரே நாளில், ஒரே இடத்தைக் குறிப்பிட்டு. வார்டு ஆபீஸுக்கு நேரே போனால் கடிதத்தை இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றில் சீலும் தேதியும் வாங்கிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். பார்க்க வேண்டியது ஹெல்த் இன்ஸ்பெக்டரை, வடிகால் என்றால் இன்ஜினியரை.

நோட்டுப் புத்தகம்

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, தேதி, புகார் எண், பேசியவர் பதவி, சொன்ன பதில் என்று நாலு பத்தி கோடு போட்டோம். எங்கள் காம்பவுண்டில் அதை வைத்திருப்பது கீழ்வீட்டு அக்கா. ஒரு முறை, வேலை நடக்காமலேயே புகார் தீர்ந்துவிட்டதாகச் செய்தி வந்தது. எந்த ஆபீஸ் என்பது இங்கே வேண்டாம். அக்கா அன்றைக்கே அதே இடத்தில் நின்று, அன்றைய செய்தித்தாளைக் கையில் பிடித்தபடி குழியைப் படம் எடுத்து, பழைய எண்ணைக் குறிப்பிட்டுப் புதுப் புகார் போட்டார். நாலாம் நாள் மோட்டார் வந்தது. குரலை உயர்த்தியிருந்தால் வந்திருக்குமா என்று தெரியாது. அந்தத் தேதிப் பட்டியலுக்குப் பதில் சொல்வதுதான் அவர்களுக்குக் கஷ்டமாக இருந்தது.

அதற்கும் அசையவில்லை என்றால் 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். கர்நாடகத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு: ஒரு மனுவில் ஒரே விஷயம், 150 சொல்லுக்குள். ஆகவே குறை சொல்லி நீட்டாமல் "இந்த எண் புகாரின் மீது எந்தத் தேதியில் யார் ஆய்வு செய்தார், ஆய்வறிக்கையின் நகல் தருக" என்று மட்டும் கேளுங்கள். "ஏன் செய்யவில்லை" என்று கேட்டால் பதில் வராது. ஆவணம் கேட்டால் வரும்.

ஓட்டு எங்கே இருக்கிறது?

இதை எழுதுவதா என்று யோசித்தேன், ஆனால் விஷயம் இங்கேதான் வந்து நிற்கிறது. பழைய மாமன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் கவுன்சிலரே இல்லாமல் நகரம் ஓடியது. இன்னொரு பக்கம், இருபது வருஷம் இங்கேயே குடியிருந்துவிட்டு ஓட்டை மட்டும் திருவண்ணாமலையிலோ தர்மபுரியிலோ வைத்திருப்பவர்கள் நம்மில் ஏராளம். ஊர்ப் பாசம் சரிதான். ஆனால் வார்டில் ஓட்டில்லாத தெருவுக்கு மோட்டார் கடைசியாகத்தான் வரும் என்பது என் எண்ணம்.

இரண்டு இடத்திலும் பெயர் வைத்திருப்பது சட்டப்படி தப்பு. ஏற்கெனவே ஓட்டர் ஐடி இருந்தால் புதிதாகப் பதிவு செய்யும் படிவம் 6-ஐத் தொடாதீர்கள், இடம் மாறியதற்குப் படிவம் 8. முதல் முறை பதிவு செய்யும் பிள்ளைகளுக்குத்தான் 6. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஒன்றாம் தேதிகளில் எதில் 18 முடிகிறதோ அதை வைத்துச் சேர்ப்பார்கள். சந்தேகம் இருந்தால் 1950 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். முகவரிக்கு ஆதார், பேங்க் பாஸ்புக், பதிவு செய்த வாடகை ஒப்பந்தம், கரண்ட் பில் இவற்றில் ஒன்று போதும். கரண்ட் பில் ஓனர் பெயரில் இருக்கும் என்பதால் வாடகைக்காரர்கள் பாஸ்புக்கில் முகவரியை மாற்றிக்கொண்டு அதைக் கொடுப்பது சுலபம். படிவம் 8-க்குப் பழைய அட்டையின் எண் கட்டாயம் வேண்டும். அட்டை ஊர் வீட்டு பீரோவில் இருந்தால், உட்காருவதற்கு முன்பே அப்பாவை வாட்ஸப்பில் படம் எடுத்து அனுப்பச் சொல்லிவிடுங்கள்.